நகரக் காற்றின் நுண்துகளில் நச்சுக் கரிமச் சேர்மங்கள்: எந்த முறையில் அளப்பது?

காற்று மாசு பற்றிய பேச்சு பெரும்பாலும் பிஎம் 2.5 என்ற ஒரே எண்ணோடு நின்றுவிடுகிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் மிதக்கின்றன என்பதை அந்த எண் சொல்லும். அந்தத் துகள்கள் எவற்றால் ஆனவை என்பதைச் சொல்லாது. சென்னையின் கடற்கரையை ஒட்டிய தெருவில் 50 மைக்ரோகிராம் துகள் இருந்தால் அதில் ஒரு பங்கு கடலுப்பாக இருக்கக்கூடும். கொடுங்கையூர்க் குப்பைமேடு புகையும் நாளில் அதே 50 மைக்ரோகிராம், மூச்சில் போகும் முற்றிலும் வேறான பொருள். இந்த வேறுபாட்டின் முக்கியமான பகுதி, எரிபொருளும் குப்பையும் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களில் இருக்கிறது. இவற்றுள் அதிகம் ஆராயப்பட்ட பென்சோ(ஏ)பைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட முதல் வகுப்புப் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இவற்றை அளக்க விரும்பும் ஆய்வு மாணவர்களும், கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்களும், தொழிற்சாலைகளை ஒட்டி வாழும் குடியிருப்போர் அமைப்புகளும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்து அளக்கும் முறைகளில் எச்பிஎல்சி எனப்படும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகையா, ஜிசி-எம்எஸ் எனப்படும் வாயு வண்ணப்பிரிகை நிறைமானியா, கரைப்பானே தேவைப்படாத வெப்பப் பிரிப்பு முறையா, அல்லது நிமிடத்துக்கு நிமிடம் எண் காட்டும் நேரடிக் கருவியா? சட்டம் இதற்கு விடை தருவதில்லை. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட இந்தியாவின் தேசியக் காற்றுத் தர அளவுகோல் பன்னிரண்டு மாசுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்றான பென்சோ(ஏ)பைரீனுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 1 நானோகிராம். அளக்கும் முறை, கரைப்பானில் பிரித்தெடுத்த பிறகு எச்பிஎல்சி அல்லது ஜிசி. அந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் பலரும் சிக்கி நிற்கிறார்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் கேள்வி எது என்று தெளிவாக வேண்டும். ‘எங்கள் பகுதி சட்ட வரம்பைத் தாண்டுகிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்த நச்சு டீசல் வண்டியிலிருந்து வருகிறதா, குப்பை எரிப்பிலிருந்து வருகிறதா?’ என்பது இன்னொன்று. ‘பள்ளி விடும் நேரத்தில் சாலையோரத்தில் எவ்வளவு ஏறுகிறது?’ என்பது மூன்றாவது. இவை மூன்றுக்கும் ஒரே கருவி நன்றாக விடை தருவதில்லை.

அடுத்தது, காற்றிலுள்ள துகளைப் பிடிக்கும் வடிதாளில் எவ்வளவு பொருள் சேரும் என்ற கணக்கு. பரவலாகப் பயன்படும் குறைந்த ஓட்டச் சேகரிப்பான் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கிறது. 24 மணி நேரத்தில் அது 24 கன மீட்டர். காற்றில் பென்சோ(ஏ)பைரீன் சரியாகச் சட்ட வரம்பில், அதாவது 1 நானோகிராமில் இருந்தால், நாள் முழுவதும் ஓடிய வடிதாளில் கிடைப்பது 24 நானோகிராம். அதை 1 மில்லிலிட்டர் கரைசலாக்கி, அதிலிருந்து 1 மைக்ரோலிட்டரை ஜிசி-எம்எஸ்ஸில் செலுத்தினால் உணரியைச் சென்றடைவது 24 பிகோகிராம் (பிகோகிராம் என்பது நானோகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதே கரைசலில் 20 மைக்ரோலிட்டரை எச்பிஎல்சியில் செலுத்தலாம். அப்போது 480 பிகோகிராம். வடிதாளின் எட்டில் ஒரு பங்கை வெட்டி நேரடியாகச் சூடாக்கும் வெப்பப் பிரிப்பில் 3,000 பிகோகிராம் முழுதும் பிரிகைக் குழாய்க்குள் போகிறது. நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் இழுக்கும் உயர் ஓட்டச் சேகரிப்பான் கையில் இருந்தால் ஒரு நாளில் 1,400 கன மீட்டருக்கு மேல் காற்று கிடைக்கும். அங்கே இந்த வேறுபாடுகள் அவ்வளவு முக்கியமாக இருப்பதில்லை. ஆகவே சேகரிப்பான் எது என்று தெரியாமல் பகுப்பாய்வுக் கருவியைப் பற்றி யோசனை சொல்லவே முடியாது. இந்தச் சின்னக் கணக்கை எழுதிப் பார்க்காமலேயே விலைப்புள்ளி கேட்கத் தொடங்கும் திட்டங்கள் ஏராளம் என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

மூன்றாவது, மாதிரிகளின் எண்ணிக்கை. ஆண்டுச் சராசரி என்றால் ஓர் இடத்தில் வாரம் இருமுறை, சீரான இடைவெளியில், ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும் என்று இந்திய அளவுகோல் கேட்கிறது. பத்துக்கு ஒன்று என, காற்று இழுக்காத வெற்று வடிதாள்களையும் சில இரட்டை மாதிரிகளையும் சேர்த்தால் ஓர் இடத்துக்கே 120 ஆகிவிடும். ஒரு மாதிரிக்கான செலவையும் நேரத்தையும் இந்த எண்ணால் பெருக்கிப் பார்த்த பிறகே எந்த முறையையும் மலிவானது என்று சொல்ல வேண்டும்.

## எந்த முறையிலும் தப்ப முடியாத இடர்: வடிதாள்

நேரடிக் கருவியைத் தவிர மற்ற மூன்று முறைகளும் வடிதாளை நம்பியிருக்கின்றன. பிழைகளில் பெரியவை அங்கேதான் நுழைகின்றன. ஆய்வகத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் அவற்றைப் பிறகு சரிசெய்ய முடியாது.

பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் மூன்று, நான்கு வளையம் கொண்டவை துகளுக்கும் வாயுவுக்கும் இடையே வெப்பநிலைக்கு ஏற்ப இடம் மாறும். ஃபினாந்த்ரீன் பெரும்பாலும் வாயுவாகவே இருக்கும். சென்னையின் வெயிலில் ஃப்ளுரான்தீனும் பைரீனும்கூடப் பெரும்பகுதி வாயு நிலையில்தான் இருக்கும். வடிதாளில் ஒட்டியவையும் தொடர்ந்து காற்று இழுக்கப்படுவதால் ஆவியாகி வெளியேறும். இதைக் கவனிக்காமல் மே மாதத்தையும் டிசம்பரையும் ஒப்பிட்டு, ‘குளிர்காலத்தில் மாசு கூடியது’ என்று எழுதினால், அந்த ஏற்றத்தில் எவ்வளவு புகையால் வந்தது, எவ்வளவு வெப்பநிலையால் வந்தது என்று பிரிக்க வழியிருக்காது. இலகுவான சேர்மங்களும் வேண்டும் என்றால் வடிதாளுக்குப் பின்னால் பாலியூரித்தேன் நுரையோ எக்ஸ்ஏடி-2 பிசினோ வைத்து வாயுவையும் பிடிக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டிஓ-13ஏ முறை அப்படித்தான் செய்கிறது. ஐந்து வளையம் கொண்ட பென்சோ(ஏ)பைரீன் பெரும்பாலும் துகளோடு ஒட்டியே இருப்பதால், சட்ட வரம்பைச் சரிபார்க்க மட்டும் வடிதாள் போதும். இந்திய வரம்பும் துகள் நிலையை மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் இடரும் உண்டு. பென்சோ(ஏ)பைரீன் ஓசோனோடு வினைபுரியும்; ஒளியிலும் சிதையும். ஓசோன் ஏறும் நாள்களில் காலையில் வடிதாளில் பிடிபட்டது மாலைக்குள் ஓரளவு அழிந்துபோகலாம். சேகரித்த வடிதாளை முன்கூட்டியே சூடாக்கிச் சுத்தம் செய்த அலுமினியத் தாளில் சுற்றி, ஒளி படாமல், மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். எடை பார்க்க டெஃப்ளான் வடிதாள் வசதியானது. ஆனால் கரிமச் சேர்மங்களுக்கு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கித் தூய்மைப்படுத்தக்கூடிய குவார்ட்ஸ் வடிதாளே பொருத்தம், வெப்பப் பிரிப்புக்கு அது கட்டாயம். மின்தடையின்போது உறைபெட்டியை இயக்க மாற்று மின்சாரம் இல்லாத ஆய்வகம் நிறைமானி வாங்குவதற்கு முன்னால் அதற்கு ஏற்பாடு செய்வது நல்லது.

## ஒளிர்வு உணரியோடு எச்பிஎல்சி

இந்த முறையில் சேர்மங்கள் அசிட்டோநைட்ரைலும் நீரும் கலந்த ஓட்டத்தில் பிரிகின்றன. ஒவ்வொன்றும் வெளியேறும்போது அதற்கு ஏற்ற அலைநீளத்தில் ஒளியூட்டி, அது திருப்பி உமிழும் ஒளியை அளக்கிறார்கள். பென்சோ(ஏ)பைரீனும் பென்சோ(கே)ஃப்ளுரான்தீனும் மிக நன்றாக ஒளிர்பவை. சில பிகோகிராம் அளவிலேயே தெரிந்துவிடும். ஒரே நிறை கொண்ட சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதிலும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களுக்கென்றே செய்யப்பட்ட பிரிகைக் குழாய்கள் சிறப்பாக வேலை செய்கின்றன. மருந்தியல் துறையோ உணவுப் பரிசோதனைத் துறையோ உள்ள கல்லூரிகளில் எச்பிஎல்சி ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒளிர்வு உணரி மட்டும் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

குறைகளும் தெளிவானவை. அசினாஃப்தலீன் ஒளிர்வதில்லை, பென்சோ(ஜே)ஃப்ளுரான்தீன் மங்கலாகவே ஒளிரும். கருவியின் வரைபடத்தில் ஒரு முகடு உரிய நேரத்தில் வந்தது என்பதைத் தவிர அது அந்தச் சேர்மமே என்பதற்கு வேறு சான்று கருவியிடம் இல்லை. புகை நிறைந்த மாதிரிகளில் ஒளிரும் பிற பொருள்கள் அதே இடத்தில் வந்து கூடலாம். ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வகையான டியூட்டீரியம் ஏற்றிய சேர்மங்களை மாதிரியில் கலந்து, பிரித்தெடுப்பில் ஏற்பட்ட இழப்பைத் திருத்தும் சிறந்த வழியும் இங்கே வசதிப்படாது, ஏனெனில் அவை இயல்பான சேர்மத்தோடு ஏறக்குறைய சேர்ந்தே வெளியேறும். உணரியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. காற்றில் இயல்பாகக் கிடைக்காத, ஒளிரக்கூடிய வேறொரு சேர்மத்தைத்தான் நம்ப வேண்டும்.

மறைமுகச் செலவு அசிட்டோநைட்ரைல். இது அக்ரிலோநைட்ரைல் தயாரிப்பின் துணைப்பொருள் என்பதால் அந்தத் தொழில் சுணங்கினால் இதுவும் கிடைக்காது. 2008 இறுதியிலும் 2009இலும் உலகம் முழுவதும் ஆய்வகங்கள் அப்படித்தான் தவித்தன. கழிவுக் கரைப்பானை முறையாக அகற்றும் செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.

## கரைப்பான் பிரித்தெடுப்போடு ஜிசி-எம்எஸ்

ஆய்விதழ்களில் அதிகம் காணப்படும் முறை இது. அதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. நிறைமானி சேர்மத்தின் நிறையையும் பார்ப்பதால் அடையாளம் உறுதியாகிறது. டியூட்டீரியம் ஏற்றிய பென்சோ(ஏ)பைரீனையும் கிரைசீனையும் பிரித்தெடுப்பதற்கு முன்பே வடிதாளில் இட்டு, ஒவ்வொரு மாதிரியிலும் எவ்வளவு இழந்தோம் என்று கணக்கிட முடிகிறது. கரைப்பானை நைட்ரஜன் ஊதி வற்றவைக்கும்போது நாஃப்தலீன் போன்ற இலகுவான சேர்மங்கள் எளிதில் பறந்துவிடும் என்பதால் இந்தத் திருத்தத்தின் மதிப்பு பெரிது.

இதைவிடப் பெரிய வலிமை, ஒரே ஓட்டத்தில் மூலத்தைச் சொல்லும் பிற சேர்மங்களும் தெரிவது. வாகன மசகெண்ணெயின் தடயமான ஹோப்பேன்களையும், பிளாஸ்டிக் எரிப்பின் தடயமான 1,3,5-ட்ரைஃபினைல்பென்சீனையும் அதே கரைசலில் பார்க்கலாம். விறகு, இலை, சருகு எரிந்ததற்கான தடயமான லெவோகுளூக்கோசானுக்கு மட்டும் அது எளிதில் ஆவியாகும்படி சிலைல் தொகுதியை ஏற்றும் ஒரு கூடுதல் படி தேவைப்படும். போகியன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னையில் ஆண்டுதோறும் காற்றை அளக்கிறது. துகளின் எடை கூடியதைச் சொல்வதோடு, அதில் பழைய பாயின் பங்கு எவ்வளவு, டயர், பிளாஸ்டிக்கின் பங்கு எவ்வளவு என்று விளக்க வேண்டுமானால், இத்தகைய தடயங்களைத் தரும் முறை வேண்டும். ஒளிர்வு உணரியால் இது முடியாது.

ஆனால் ஜிசி-எம்எஸ் இருக்கிறது என்பதாலேயே எண்கள் சரியாகிவிடுவதில்லை. பென்சோ(பி), (ஜே), (கே) ஃப்ளுரான்தீன்கள், பென்சோ(இ)பைரீன், பென்சோ(ஏ)பைரீன், பெரிலீன் ஆகிய அனைத்துக்கும் நிறை 252 என்பதால், அவற்றைப் பிரிக்க வேண்டியது பிரிகைக் குழாயின் பொறுப்பு. பொதுப் பயன்பாட்டுக் குழாயில் பென்சோஃப்ளுரான்தீன்கள் ஒன்றோடொன்று கலந்து வரும். கிரைசீனும் ட்ரைஃபினைலீனும் பெரும்பாலும் ஒரே முகடாகவே தெரியும். இவற்றைத் தனித்தனி மதிப்புகளாகப் பிரித்துக் காட்டும் அட்டவணையைப் பார்த்தால் எந்தக் குழாய் பயன்பட்டது என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

செலவுக் கணக்கில் விடுபடுபவை பல. இந்தியா ஹீலியத்தை இறக்குமதி செய்கிறது. ஒரு சிலிண்டரின் விலையும் அது வந்து சேரும் நாளும் நம் கையில் இல்லை. ஹைட்ரஜனுக்கு மாறலாம், ஆனால் பாதுகாப்பு ஏற்பாடும் முறையை மீண்டும் சரிபார்க்கும் உழைப்பும் தேவைப்படும். கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து வடிதாளைக் கழுவும் சாக்ஸ்லெட் முறையில் ஒரு மாதிரி பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். மாதிரிக்கு 150 மில்லிலிட்டர் டைகுளோரோமீத்தேன் என்று வைத்துக்கொண்டால் 120 மாதிரிக்கு 18 லிட்டர். 40 டிகிரியிலேயே கொதிக்கும் இந்தக் கரைப்பானை நம் கோடையில் கையாளும் மாணவரின் உடல்நலமும் செலவுதான். நல்ல புகைப்போக்கிக் கூண்டு இல்லாத அறையில் இந்த வேலையை எந்த மாணவரிடமும் கொடுக்கக் கூடாது. அழுத்தக் கரைப்பான் பிரித்தெடுப்பு இதைச் சில பத்து நிமிடங்களாகவும் சில பத்து மில்லிலிட்டராகவும் குறைக்கும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். மீயொலிக் குளியல் மலிவு, ஆனால் கரித்துகளோடு இறுகப் பிணைந்த கனமான சேர்மங்களை அது முழுதும் விடுவித்ததா என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் தானே நிரூபிக்க வேண்டும்.

## வெப்பப் பிரிப்போடு ஜிசி-எம்எஸ்

வடிதாளின் சிறு துண்டைச் சூடாக்கி, வெளியேறும் சேர்மங்களை நேராகப் பிரிகைக் குழாய்க்குள் அனுப்பும் முறை. கரைப்பானும் இல்லை, வற்றவைக்கும் படியும் இல்லை. முன்பு போட்ட கணக்கின்படி உணர்திறனில் இதுவே முதலிடம் பெறுகிறது. ஒரே வடிதாளை உலோகங்களுக்கும் கரிம, தனிமக் கார்பனுக்கும் பங்கிட வேண்டிய திட்டங்களில் சிறு துண்டு போதும் என்பது பெரிய வசதி.

கனமான ஐந்து, ஆறு வளையச் சேர்மங்கள் முழுதும் வெளியேறுகின்றனவா, முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்ததில் வருகிறதா என்ற இரண்டு ஐயங்களும் இங்கே எப்போதும் உண்டு. செலுத்திய துண்டு போனது போனதுதான். கரைசலைப் போல மறுமுறை செலுத்திப் பார்க்க முடியாது, இன்னொரு துண்டுதான் வெட்ட வேண்டும். உப்பும் புகைக்கரியும் நேராகக் கருவிக்குள் போவதால் உட்செலுத்து குழாயை அடிக்கடி மாற்றும்படி ஆகும். முறையைச் சொந்தமாக நிலைப்படுத்தும் பொறுமையும், பல ஆண்டுகள் அதே இடத்தில் இருக்கக்கூடிய ஓர் ஆய்வாளரும் இல்லாத இடத்தில் இதைத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## நேரடி ஒளிமின் கருவி

புற ஊதா ஒளி பட்டதும் பல்வளைய ஹைட்ரோகார்பன் ஒட்டிய துகள் எலக்ட்ரானை இழக்கிறது; மீந்த மின்னூட்டத்தை அளந்து சில வினாடிகளுக்கு ஒருமுறை எண் தருவது இந்தக் கருவி. பேருந்துக்குள்ளும், சந்திப்புகளிலும், விறகடுப்புச் சமையலறையிலும் ஏற்ற இறக்கத்தைக் காட்ட இதற்கு இணை இல்லை. எந்தச் சேர்மம் எவ்வளவு என்று இதனிடம் கேட்கக் கூடாது. பழமையான துகளின் மேல் சல்ஃபேட் போன்றவை படிந்தால் சமிக்ஞை குறையும். நானோகிராமில் காட்டும் எண்ணும் ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கிக் கிடைத்ததே. அதைச் சட்ட வரம்பான 1 நானோகிராமோடு ஒப்பிட்டு மனு எழுதினால், மறுப்பவர்களுக்கு வேலை எளிதாகிவிடும்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | எச்பிஎல்சி | ஜிசி-எம்எஸ் | வெப்பப் பிரிப்பு | நேரடிக் கருவி |
|---|---|---|---|---|
| சட்ட வரம்போடு ஒப்பிட | ஏற்றது | ஏற்றது | கரைப்பான் முறையோடு ஒத்துப் பார்த்த பிறகே | ஏற்றதல்ல |
| மூலத்தை அறிய | குறைவு | மிக நன்று | நன்று | நேர ஏற்ற இறக்கம் வழியாக மட்டும் |
| குறைந்த காற்று அளவில் உணர்திறன் | நன்று | நடுத்தரம் | மிக நன்று | பொருந்தாது |
| இழப்பைத் திருத்தும் வசதி | குறைவு | மிக நன்று | நன்று | இல்லை |
| மறுபகுப்பாய்வு | முடியும் | முடியும் | புதிய துண்டு வேண்டும் | முடியாது |
| மறைமுகச் செலவு | அசிட்டோநைட்ரைல், கழிவு | ஹீலியம், கரைப்பான், ஆள் நேரம் | உதிரிப்பாகம், நிலைப்படுத்தும் காலம் | அளவுத்திருத்தம், விளக்கு |

## எந்த நிலையில் எது

சட்ட வரம்பு மட்டுமே கேள்வி, குறைந்த ஓட்டச் சேகரிப்பான்தான் இருக்கிறது, ஆண்டு முழுவதும் அளக்க வேண்டும் என்றால் நான் எச்பிஎல்சியைத் தேர்ந்தெடுப்பேன். 0.2 நானோகிராம் அளவுள்ள தூய நாளில் ஜிசி-எம்எஸ் 5 பிகோகிராமுக்குக் கீழே இரைச்சலோடு போராடும்போது, எச்பிஎல்சியிடம் 96 பிகோகிராம் இருக்கும். ஆண்டுச் சராசரிக்குத் தூய நாள்களும் கணக்கில் வருவதால் இது சிறிய நன்மையல்ல. கரைசலை 100 மைக்ரோலிட்டராகச் சுருக்கினால் ஜிசி-எம்எஸ்ஸும் ஈடுகொடுக்கும். அதோடு மாதிரியின் அழுக்கும் பத்து மடங்கு செறிவடையும்.

மணலி, எண்ணூர் போலச் சுத்திகரிப்பு ஆலையும் அனல்மின் நிலையமும் கனரக லாரிகளும் ஒரே காற்றில் கலக்கும் இடங்களில், யாருடைய புகை என்பதே சண்டையாக இருக்கும்போது, ஜிசி-எம்எஸ் இல்லாமல் இறங்குவதில் பயனில்லை. டைபென்ஸ்(ஏ,எச்)ஆந்த்ரசீன் காற்றில் சிறிதளவே இருந்தாலும் பென்சோ(ஏ)பைரீனுக்குக் குறையாத நச்சு எடை அதற்குத் தரப்படுகிறது. புற்றுநோய் இடரைக் கணக்கிடுவோர் இத்தகைய சிறு முகடுகளையும் உறுதியாக அடையாளம் காண வேண்டும்.

குடியிருப்போர் அமைப்புகள் கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை. சேகரிப்பானை வாடகைக்கு எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு வடிதாள்களை அனுப்புவதே அவர்களுக்குச் சரியான வழி. ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பது போதாது. அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் காற்றுத் துகளில் பென்சோ(ஏ)பைரீன் இருக்கிறதா, குறைந்தபட்சம் கண்டறியும் அளவு எவ்வளவு, சேர்மங்களின் அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட நகர்ப்புறத் தூசியில் கிடைத்த விடை என்ன என்று எழுத்தில் பெற வேண்டும். 1976–77இல் வாஷிங்டன் நகரில் சேகரித்த தூசியிலிருந்து உருவாக்கப்பட்ட 1649பி என்ற ஒப்பீட்டுப் பொருள் இதற்காகவே விற்கப்படுகிறது. கண்டறியும் அளவு 1 நானோகிராம் என்று சொல்லும் ஆய்வகத்திடமிருந்து வரும் ‘கண்டறியப்படவில்லை’ என்ற அறிக்கை, வரம்புக்குள் இருக்கிறோமா என்ற கேள்விக்கு விடையே அல்ல.

இரண்டு கேள்விகளும் இருந்து, பணம் ஒன்றுக்கே போதும் என்ற நிலையில், ஒரு நடுவழி உண்டு. ஒவ்வொரு வடிதாளையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எச்பிஎல்சியில் அளந்து ஆண்டுச் சராசரியைப் பெறலாம். கிடைக்கும் பொருளும் பாதியாகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். மறுபாதி உறைபெட்டியில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் மிக உயர்ந்த நாள்களிலிருந்தும் சாதாரண நாள்களிலிருந்தும் இருபது, முப்பது பாதிகளையும், அவற்றோடு அதே பெட்டியில் கிடந்த வெற்று வடிதாள்களின் பாதிகளையும் எடுத்து, ஜிசி-எம்எஸ் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், மூலத்தைப் பற்றிய கேள்விக்கும் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். வெட்டும் வேலையையும் லேபிள் ஒட்டும் முறையையும் முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நடுவில் தொடங்கினால் முதல் பருவத்தின் மறுபாதிகள் இருக்காது.